பின்படிக்கு ஒரு கைப்பிடி

மனிதன் இரும்பைக் கண்டுபிடித்த நாளுக்குப் பிறகு இரும்பின் வாழ்க்கையில் நேர்ந்த மிக முக்கியமான சம்பவத்தை இங்கே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து கை கழுவுவதற்கு முன்னால் நடந்தது. அட்டைப்பெட்டிக் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரிவு மேனேஜராக இருந்து, வேலையை விட்ட பிறகும் வீட்டிலும் தெருவிலும் மேனேஜராகவே நீடித்துவரும் ஒருவர், நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து நின்று, "இந்த வீட்டுக்குள்ள கடைப் பைப் வராது. கைப்பிடிய நானே செய்யப்போறேன். இரும்பை நெருப்புல வச்சு, என் கையால அடிச்சு," என்று அறிவித்தார்.

இரும்புத் தரப்பிலிருந்து அப்போதைக்கு எந்த மறுப்பும் வரவில்லை.

விஷயம் என்னவோ சின்னதுதான். மேனேஜரின் அக்கா தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் போன பிறகு தம்பி வீட்டின் பின்னறைக்கு வந்து சேர்ந்தாள். பின்வாசலைத் திறந்தால் மூன்று படி, இறங்கினால் கொல்லை. வலது பக்கம் சுவர், இடது பக்கம் ஒன்றுமில்லை. தினமும் மதியம் ஈரத்துணிக் கூடையோடு அக்கா அந்தப் படியில் இறங்குவாள். கொடியில் துணி காயப்போட ஆகும் நேரம் கொஞ்சம்தான். ஆனால் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் தையல்காரம்மா இருந்தாள். வேலைக் காலம் முழுக்க மற்றவர்கள் பேசுவதற்கு இணைப்புக் கொடுத்தே காலம் தள்ளியவள் அக்கா; இப்போதுதான் சொந்தமாகப் பேச ஆரம்பித்திருந்தாள். தம்பி வீட்டில் அவளுக்கென்று இருந்த ஊர் அந்தக் கொல்லைதான்.

முட்டி அதற்கு இடைஞ்சல் செய்ய ஆரம்பித்தது. "பிடிச்சு இறங்க ஏதாவது இருந்தா நல்லாயிருக்கும்" என்று அக்கா சொன்னதும், குழாய்ச் சாமான் கடை வைத்திருக்கும் மைத்துனன், மேனேஜரின் மனைவிக்குத் தம்பி, சோற்றைப் பிசைந்துகொண்டே, "நம்ம கடையில ஸ்டீல் பைப் கிடக்கு. நாளைக்குக் காலையில வந்து துளை போட்டா முடிஞ்சது" என்றான். அந்த 'முடிஞ்சது'தான் மேனேஜரை எழுப்பி நிற்க வைத்தது.

"போன வருஷம் கத்துக்கறேன்னு வாங்கின புல்லாங்குழல் என்னாச்சு?" என்று கேட்டாள் மனைவி.

"அது காத்து. இது இரும்பு."

"காத்துக்கே மூச்சு வாங்குச்சே."

அக்கா மட்டும் தம்பிக்காகப் பேசினாள். "செய்யட்டும் விடு. எப்படா குடுப்ப?"

"அவசரப்படுத்தாதக்கா. இதெல்லாம் தானா வரணும்."

"வரட்டும். எனக்கென்ன, ரயிலா புறப்படுது?"

டயர் கடைக்கும் மரக்கடைக்கும் நடுவில், தகரக் கூரையின் கீழே இருந்தது பட்டறை. அதை நடத்தியவள் முப்பது சொச்சம் வயதுக்காரி. வார நாட்களில் கேட்டும் கிரில்லும் செய்வாள். சனிக்கிழமைகளில் ஆசைப்பட்டு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பாள். அவளிடம் தத்துவம் எதுவும் கிடையாது. மேனேஜர் அதை எதிர்பார்த்துப் போயிருந்தார் என்பது அவள் குற்றமல்ல. எதைக் காட்டினாலும் "ம்" என்பாள். பாதி நேரம் அதுகூட போனில் வேறு யாருக்கோ சொன்னதாக இருக்கும்.

மேனேஜர் புதுத் தோல் ஏப்ரனோடு போய் இறங்கினார். அவரோடு சேர்ந்திருந்த இன்னொரு ஆள் ஒரு பல் டாக்டர். பழைய சட்டை போட்டு வந்திருந்தார். முதல் பாடம் எல்லோருக்கும் ஒன்றுதான்: கம்பியின் நுனியை அடித்துக் கூராக்கி, வளைத்து, ஒரு கொக்கி.

"நான் கொக்கிக்கு வரல" என்றார் மேனேஜர்.

"பின்ன?"

"படிக்கட்டுக்கு ஒரு கைப்பிடி. ஆனா சாதாரணக் கைப்பிடி இல்ல. ஒரு கலைப்படைப்பு."

"கோடு இருக்கா?" என்றாள் பட்டறைக்காரி.

அந்தப் பட்டறையின் தரையில் ஒரு பெரிய இரும்புத் தகடு கிடந்தது. என்ன செய்யப் போகிறோமோ அதை முழு அளவில் அதன்மேல் சாக்கட்டியால் வரைந்துவிட வேண்டும். பிறகு கம்பியை உலையில் சிவக்க வைத்து, அடைகல் என்கிற இரும்புக் கட்டையில் வைத்து அடித்து வளைத்து, சூட்டோடு கொண்டுவந்து அந்தக் கோட்டின்மேல் கிடத்திப் பார்க்க வேண்டும். எங்கே விலகுகிறதோ அங்கே மறுபடி அடி. கோடு இல்லாமல் அங்கே எதுவும் உலைக்குள் போகாது.

"நோட்டுல சின்னதா படம் போட்டு எடுத்துட்டு வராதீங்க" என்றாள். "படிக்கட்டு எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்குக் கோடு. அதுவரைக்கும் கொக்கி பண்ணுங்க."

மேனேஜரிடம் கோடு இல்லை. அதைத் தேடி அவர் பட்ட பாட்டை முழுவதும் எழுதினால் அவரே சந்தோஷப்படுவார் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பூங்காவுக்குப் போய்க் கொடிகளை முறைத்துப் பார்த்தார். குளத்தங்கரையில் உட்கார்ந்து அலைகளைக் கண்காணித்தார். வீட்டில் யாரும் மிக்ஸி போடக் கூடாது என்று சொல்லிவிட்டு மேஜைமுன் உட்கார்ந்து ஒரு பாம்பை வரைந்தார்.

"பாம்பைப் பிடிச்சுக்கிட்டு எந்தப் பொம்பள இறங்குவா?" என்றாள் மனைவி.

பாம்பைக் கைவிட்டுக் கொடி ஒன்றை வரைந்து அக்காவிடம் காட்டினார். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். "முள் நிறைய இருக்கேடா."

"அது இலை."

"ஓ. தூரத்துல வச்சுப் பாத்தா இலைதான்."

பட்டறையில் நிலைமை இன்னும் மோசம். கொக்கி வரவில்லை. நுனியைக் கூராக்கு என்றால் அது மீன்வால் மாதிரி விரிந்தது. வளை என்றால் எதிர்ப்பக்கம் வளைந்தது. பல் டாக்டர் அதற்குள் கொக்கி கொக்கியாகச் செய்து தள்ளிக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் மாட்டுவதற்குப் பொருள் தீர்ந்துபோய்விட்டதாம். கொக்கியில் கொக்கியை மாட்டி வைத்திருக்கிறார்களாம். அவரே சொல்லிச் சிரித்தார். மேனேஜரால் சிரிக்க முடியவில்லை.

ஒரு நாள் மேனேஜர் கம்பியை உலைக்குள் வைத்துவிட்டு, படைப்பு மனம் எப்படி வேலை செய்கிறது என்று டாக்டருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து தீப்பொறி பறந்தது. வெளியே எடுத்தால் கம்பியின் முனை ஊறிப்போன பிஸ்கட் மாதிரி உதிர்ந்து விழுந்தது.

"எரிஞ்சுபோச்சு" என்றாள் பட்டறைக்காரி. "பேசிக்கிட்டே இருந்தா எரிஞ்சுதான் போகும். வெட்டிப் போட்டுட்டு மறுபடி ஆரம்பிங்க."

மேனேஜருக்குக் காது சிவந்தது. அடைகல்லில் வைத்தால் நன்றாக வளைந்திருக்கும், அப்படி ஒரு சிவப்பு. வெட்டிப்போட்ட துண்டை யாரும் பார்க்காதபோது பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். குப்பையில் எறியத்தான் நினைத்தார். ஆனால் மைத்துனன் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். "இத்தனை நாளா போறீங்களே மாமா, என்ன செஞ்சீங்க, காட்டுங்க" என்றான். துண்டு அலமாரிக்குள் ஏறிவிட்டது.

"என்ன இது?"

"சிற்பம். இது ஒரு மாதிரி நவீன பாணி."

அக்கா எட்டிப் பார்த்தாள். "கருகினாப்ல இருக்கே."

"வேணும்னேதான்."

அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டிலிருந்து நிமிர்ந்தால் அலமாரி தெரிந்தது.

இதற்கிடையில் அக்கா தினமும் இறங்கிக்கொண்டுதான் இருந்தாள். இடுப்பில் கூடை, ஒரு கை சுவரில். "என்னடா, வந்துச்சா?" என்று கேட்பாள், தபால் வந்ததா என்று கேட்கிற மாதிரி. "வந்துட்டிருக்கு" என்பார் இவர். மைத்துனன் இரண்டொரு தடவை, "மாமா, அதுவரைக்கும் ஒரு பைப்ப மாட்டிவிடறேன், உங்களது வந்ததும் கழட்டிக்கலாம்" என்றான். தற்காலிகப் பைப் என்பது தன்மேல் கொண்டுவரப்படும் நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்று மேனேஜர் எடுத்துக்கொண்டார். பைப் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை பல் துலக்கும்போது அவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. கோடு வராததற்குக் காரணம் தாள்தான். தாள் சின்னது. கைப்பிடி எந்தச் சுவரில் வரப்போகிறதோ அந்தச் சுவரிலேயே முழு அளவில் வரைந்தால் என்ன? பிரஷ்ஷோடு வாயில் நுரையோடு பின்வாசலுக்குப் போய்ப் பார்த்தார். சுவர் அசிங்கமாக இருந்தது. கதவுச் சட்டத்துக்குப் பக்கத்தில் ஆரம்பித்து, படியோடு சரிந்து இறங்கி, கடைசிப் படிக்கும் கொஞ்சம் தாண்டிப் போய் முடிகிற மாதிரி பழுப்பாக ஒரு பட்டை. நடுவில் ஓரிடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்திருந்தது.

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து வீட்டையே கூட்டினார். "யாரு இது, சுவத்துல கையத் தேய்க்கிறது?"

"நான்தான்டா" என்றாள் அக்கா. "பிடிக்க ஒண்ணும் இல்லல்ல."

"சுவத்துல என்னக்கா பிடிமானம் இருக்கு? அழுக்குத்தான் ஆகுது. நான் இதுலதான் வரையப்போறேன். பெயின்ட் அடிக்கிறேன். இனிமே கை வைக்காத."

அக்கா தன் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். "வைக்கலடா" என்றாள்.

மேனேஜர் முதலில் சுவரைச் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்தார். பிறகு வெள்ளை பெயின்ட் அடித்தார். வாழ்க்கையில் அவர் இவ்வளவு ஒழுங்காக ஒரு வேலையைச் செய்ததில்லை. பழைய அலுவலகப் பழக்கத்தில் ஓர் அட்டையில் 'கை வைக்காதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கதவில் மாட்டினார். தள்ளி நின்று பார்த்தார். அப்பழுக்கில்லாத வெள்ளை. இனிமேல் கோடு வராமல் எங்கே போகும் என்று நினைத்துக்கொண்டு பட்டறைக்குப் புறப்பட்டார்.

அன்றைக்குப் பார்த்துக் கை அவர் பேச்சைக் கேட்டது. கம்பியின் நுனியைத் தட்டையாக்கி, நடுவில் ஒரு நரம்பு இழுத்து, ஓர் இலை செய்துவிட்டார். பட்டறைக்காரி அதைக் குறட்டால் தூக்கிப் பார்த்து, "ம். இலை மாதிரிதான் இருக்கு" என்றாள். இந்த வாக்கியத்தை அவர் வழி நெடுக மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். வீடு வருவதற்குள் அது ஒரு பாராட்டு விழா உரையாக வளர்ந்திருந்தது. இலையைக் கைக்குட்டையில் சுற்றிக் கால்சட்டைப் பையில் வைத்திருந்தார். பட்டறையில் ஏப்ரனை வைக்கிற அலமாரியிலேயே மறந்துவிட்டு வந்த போன் அடித்து அடித்து ஓய்ந்துவிட்டது அவருக்குத் தெரியாது.

வீடு பூட்டியிருந்தது. பக்கவாட்டுச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போனார். படிக்குக் கீழே கூடை கவிழ்ந்து கிடந்தது. ஈரத்துணி மண்ணில். மதிலுக்கு அந்தப் பக்கம் தையல்காரம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"உங்க அக்கா விழுந்துட்டாங்க" என்றாள். "உங்க மச்சான்தான் வண்டியில கூட்டிட்டுப் போயிருக்காரு. உங்களுக்கு எத்தனை தடவை அடிச்சாங்க."

"எப்படி விழுந்தா?"

"நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். நடுப்படியில நின்னாங்க. சுவத்துக்குக் கையக் கொண்டு போனாங்க. அப்புறம் என்னவோ நெனச்சுக்கிட்டு எடுத்துட்டாங்க."

மேனேஜர் சுவரைப் பார்த்தார். ஒரு பொட்டு அழுக்கில்லை. அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் அக்காவின் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். எப்படி விழுந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். "கால் தடுக்கிடுச்சு டாக்டர். முட்டி கொஞ்ச நாளாவே சரியில்ல" என்றாள் அக்கா. மனைவி மேனேஜரைப் பார்த்தாள். மேனேஜர் சுவரில் இருந்த கண் பரிசோதனைப் பட்டியலைக் கடைசி வரி வரை படித்தார். மைத்துனன், பைப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருக்கலாம். அவன் பாட்டுக்கு எல்லோருக்கும் தண்ணீர் வாங்கி வந்தான்; மூடியைத் திறந்து இவரிடமும் ஒன்றைக் கொடுத்தான்.

இலை தொடையில் குத்தியது. அவர் நெளிவதை அக்கா பார்த்துவிட்டாள்.

"பையில என்னடா?"

"ஒண்ணுமில்ல."

"காட்டு."

எடுத்துக் காட்டினார். அக்கா இடது கையால் வாங்கி, விளக்குப் பக்கம் திருப்பினாள்.

"இலையா?"

"ம்."

"நல்லா வந்திருக்குடா. இந்தத் தடவை முள் இல்ல."

அவள் அதைக் கேலியாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மேனேஜர் வெளியே போய் வாகனம் நிறுத்துமிடத்தில் நின்றார், வண்டிகளை எண்ணுகிறவர் மாதிரி.

மறுநாள் பின்படியில் உட்கார்ந்து அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. படிக்கட்டு எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்குக் கோடு. பட்டறைக்காரி கேட்டது அதைத்தான். எங்கே கை உயர வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எங்கே அதிகமாக ஊன்ற வேண்டும், எல்லாவற்றையும் அக்காவின் கை அந்தச் சுவரில் முழு அளவில் போட்டு வைத்திருந்தது. தினம் தினம் போய்வந்து, அழுத்தி அழுத்திப் போட்ட கோடு. அவர் பூங்காவிலும் குளத்திலும் தேடிக்கொண்டிருந்தபோது அது இங்கே காய்ந்துகொண்டிருந்தது. அதைத்தான் சோப்புப் போட்டுத் தேய்த்தார்.

நினைவிலிருந்து வரைந்து பார்த்தார். அழுக்கு என்று பார்த்த ஒன்றை எப்படி நினைவு வைத்திருப்பது? தன் கையையே சுவரில் வைத்துப் படியில் இறங்கிப் பார்த்தார். அது ஒரு மேனேஜரின் கை. அதற்கு முட்டி வலி இல்லை. சுவரைத் தொடவே மறந்துவிட்டு மூன்று படியும் இறங்கிவிட்டது.

அக்காவின் வலி கொஞ்சம் அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு அவள் அறை வாசலில் போய் நின்றார்.

"அக்கா. நீ இறங்கும்போது கைய எங்க வைப்ப?"

"எதுக்குடா?"

"கைப்பிடிக்கு."

அக்கா யோசித்தாள். "எனக்கு எப்படிடா தெரியும்? கை அது பாட்டுக்குப் போகும். சுவத்துக்குத்தான் தெரியும்." கொஞ்சம் நிறுத்தி, "அதுக்கு நீ வெள்ளையடிச்சுட்ட" என்றாள். குரலில் குத்தல் இல்லை. தகவல் சொல்கிற ஆபரேட்டரின் குரல்.

"மறுபடி ஒரு தடவை வச்சுக் காட்டுவியா?"

வலது கை மாவுக்கட்டில் இருந்தது. ஆனால் இறங்கும்போது வலப் பக்கம் இருக்கிற சுவர், ஏறும்போது இடப் பக்கம் வந்துவிடும். மேனேஜர் ஒரு பக்கமும் மனைவி ஒரு பக்கமுமாகத் தாங்கி அக்காவைக் கீழே இறக்கினார்கள். அவள் உடம்பு நடுங்கியதை இருவரும் உணர்ந்தார்கள். பட்டறையிலிருந்து கொண்டுவந்திருந்த கரித்துண்டைப் பொடித்து, மேனேஜர் அக்காவின் இடது உள்ளங்கையில் தடவினார்.

அக்கா கதவைப் பார்த்தாள். "போர்டு வச்சிருக்கியேடா."

அது இன்னும் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவரே எழுதியது. மேனேஜர் ஏறிப் போய் அதைக் கழற்றி, எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்தார்.

"வெள்ளை வீணாப்போகும்" என்றாள் அக்கா.

"போகட்டும்க்கா."

அவள் ஏறினாள். இவர் பின்னாலிருந்து இடுப்பைத் தாங்கிக்கொண்டார். கரிக்கை சுவரில் சரசரவென்று நகர்ந்தது. மேலே போனதும் அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மேனேஜர் கீழேயிருந்து பார்த்தார். கோடு அவர் நினைத்ததைவிட ரொம்பத் தாழ்வாக ஆரம்பித்தது. நடுப்படியில் அது ஏறவே இல்லை. அங்கேயே நின்று, புரண்டு, கறுத்து, மூச்சு வாங்கியிருந்தது. கதவருகில் நேராகப் போகாமல் சட்டத்தை நோக்கித் திரும்பியிருந்தது: கால் வருவதற்கு முன்னால் விரல்கள் போய் இடம் பிடித்திருந்தன. அழகாகத்தான் இருந்தது. அழகு என்று சொல்ல அவருக்கு அன்றைக்கு வாய் வரவில்லை.

பழைய கம்பெனியின் பெரிய அட்டை ஒன்றைச் சுவரோடு சேர்த்து வைத்து அந்தக் கோட்டை அப்படியே எடுத்து, வெட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனார். பட்டறைக்காரி வழக்கம்போல, "கோடு இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

அவர் அட்டையைத் தகட்டின்மேல் வைத்தார். அவள் போனை வைத்துவிட்டுப் பார்த்தாள். "ம்" சொல்லவில்லை. குனிந்து, நடுப்படியில் கோடு நிற்கிற இடத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள்.

"இது நல்லா இருக்கே."

பல் டாக்டரும் குறட்டோடு வந்து எட்டிப் பார்த்தார். "அடேயப்பா. என்ன ஒரு வளைவு. சார், நீங்க போட்டதா?"

இங்கே மேனேஜர் செய்ய வேண்டியது என்னவென்று எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் இத்தனை வருட விற்பனைப் பிரிவில், 'நீங்களா' என்று யார் கேட்டாலும் அவர் வாயில் ஒரே ஒரு சொல்தான் தயாராக இருந்து பழகியிருந்தது.

"ஆமா" என்றார்.

சொல்லி முடித்தவுடனே திருப்பி எடுத்துக்கொள்ளத்தான் நினைத்தார். அதற்குள் டாக்டர், "கடைசியில உங்களுக்கு அது தானா வந்துடுச்சு பாருங்க" என்று தோளில் தட்டினார்.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளில் மேனேஜர் கலையைப் பற்றிப் பேசவில்லை. எதைப் பற்றியும் பேசவில்லை. அட்டையை வைத்துச் சாக்கட்டியால் தகட்டில் கோடு போடுவார், கம்பியைச் சிவக்க வைப்பார், அடிப்பார், கோட்டின்மேல் கிடத்துவார், விலகிய இடத்தைப் பார்ப்பார், மறுபடி உலை. கவனம் சிதறவில்லை என்பதால் கம்பி எரியவில்லை. அவமானம் நல்ல கூலியாள். பேசாமல் வேலை பார்க்கும். பட்டறைக்காரி இரண்டு இடத்தில் கை கொடுத்தாள். கடைசியில் வந்த கைப்பிடியில் சுத்தியல் தழும்பு நிறைய இருந்தது. ஓரிடத்தில் கம்பி மெலிந்திருந்தது. ஆனால் கோட்டின்மேல் கிடத்தியபோது கோடு மறைந்தது.

அக்காவின் கட்டுப் பிரித்த வாரத்தில் அதைச் சுவரில் மாட்டினார்கள். துளை போட மைத்துனன் மெஷினோடு வந்தான். "நீங்க பிடிச்சுக்கோங்க மாமா, நான் போடறேன்" என்றான். கரிக்கோட்டின் மேலேயே கைப்பிடி உட்கார்ந்தது.

பல் டாக்டரும் வந்துவிட்டார். எப்போதோ, இலைகூட வராத காலத்தில், 'திறப்பு விழாவுக்கு அவசியம் வரணும்' என்று மேனேஜர் அவரை அழைத்து வைத்திருந்தார். அன்பளிப்பாக ஒரு கொக்கி கொண்டு வந்திருந்தார்.

"அம்மா, உங்க தம்பி போட்ட கோட்டை நீங்க பாத்திருக்கணும்" என்றார் அக்காவிடம். "பட்டறையே நின்னு பாத்துச்சு. அதெப்படி சார் தோணுச்சு உங்களுக்கு?"

மனைவி கையிலிருந்த காபித் தட்டை எங்கேயும் நீட்டாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். மைத்துனன் மெஷினின் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தான். ஏற்கெனவே சுற்றி வைத்திருந்த ஒயர். மேனேஜர் அக்காவைப் பார்த்தார். அவள் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவர் நிம்மதியாக அவமானப்பட்டு முடித்திருப்பார்.

"அவனுக்குச் சின்ன வயசுலேர்ந்தே கை நல்லா வரும்" என்றாள் அக்கா.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். "கதவைச் சாத்துங்க" என்றார். "தூசி வருது."

டாக்டர் போன பிறகு அக்காவைப் பின்வாசலுக்கு அழைத்து வந்தார்கள். அவள் மேல்படியின் விளிம்பில் நின்று வலது கையை நீட்டிக் கைப்பிடியின்மேல் வைத்தாள். கை தேடவே இல்லை. கம்பி சட்டத்தை நோக்கித் திரும்புகிற இடத்தில் நான்கு விரலும் வீட்டுக்கு வந்த மாதிரி போய் உட்கார்ந்தன. எட்டும் தூரம் வரைக்கும் தடவிப் பார்த்தாள்.

"சரியா இருக்குடா" என்றாள். "ரொம்பச் சரியா இருக்கு."

மதிலுக்கு அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது, நின்றது. தையல்காரம்மா எட்டிப் பார்த்தாள். "வாங்கக்கா, எத்தனை நாளாச்சு" என்றாள்.

அக்கா ஒரு காலைத் தூக்கினாள். நடுப்படியைப் பார்த்தாள். தூக்கிய காலை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

"நான் பிடிச்சுக்கறேன்க்கா" என்றார் மேனேஜர்.

"வேண்டாம்டா. நாளைக்கு இறங்கறேன்."

மறுநாளும் வந்து கைப்பிடியைத் தொட்டுவிட்டு நின்றாள். அதற்கு அடுத்த நாளும். மேனேஜர் ஒவ்வொரு மதியமும் படிக்குக் கீழே போய் நின்று, கையை நீட்டிக்கொண்டு, "வாக்கா, ஒரே ஒரு படி" என்பார். ஒரு நாள் அக்கா கைப்பிடியிலிருந்து கையை எடுத்து, புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

"அவசரப்படுத்தாதடா" என்றாள். "இதெல்லாம் தானா வரணும்."

குத்திக்காட்டவில்லை. அது யாருடைய வார்த்தை என்பதே அவளுக்கு நினைவில்லை. நினைவிருந்தவர் கீழே நின்றுகொண்டிருந்தார்.

அக்கா இப்போது பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தையல்காரம்மாவிடம் சத்தமாகப் பேசுகிறாள். அங்கேயிருந்து பாதிதான் கேட்கிறது. துணி காயப்போட மேனேஜர் இறங்குகிறார். கைப்பிடி அவருக்கு ரொம்பத் தாழ்வு.